அணுக் கதிர்வீச்சு பட்டால் உடலுக்கு என்ன ஆகும்? உடனே இறந்துவிடுவோமா?

எவ்வளவு பட்டது, எவ்வளவு நேரத்துக்குள் பட்டது என்பதைப் பொறுத்தது. உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவர்ட்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் எல்லோர் மீதும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் யாரும் சுருண்டு விழுவதில்லை.

சில மணி நேரத்துக்குள் உடல் முழுக்க 1 சீவர்ட்டுக்கு மேல் பட்டால்தான் உடனடிச் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலில் குமட்டல், வாந்தி. அப்புறம் சில நாட்கள், சில வாரங்கள்கூட ஆள் தேறிவிட்டது போலத் தெரியும். இந்த இடைவெளிதான் ஏமாற்றுவது. உள்ளே எலும்பு மஜ்ஜை புதிய ரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். பழைய அணுக்கள் தீரத் தீரக் காய்ச்சல், தொற்று, ரத்தக் கசிவு என்று ஒவ்வொன்றாக வரும். சிகிச்சையே இல்லையென்றால் 4 சீவர்ட் அளவில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் 134 பேருக்கு இந்தக் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானது. அவர்களில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

குறைந்த அளவின் கதை வேறு. டி.என்.ஏ.வில் விழுந்த பழுது சரியாகத் திருத்தப்படாவிட்டால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் படிந்த புல்லை மாடுகள் மேய்ந்தன. அந்தப் பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், வெறும் 8 நாள். சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தாலே பெருமளவு தடுத்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, அடுத்த தலைமுறை? ஹிரோஷிமாவில் தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறுகள் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை.