எல்லாவற்றையும் செருகிவிட்டு நீக்குங்கள்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) மூல நிரலிலிருந்து தொகுக்கும்போது தேவையற்ற மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துணைப் பகுதிகளை) எப்படி நீக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு தரும் கட்டமைப்பை அப்படியே தொகுக்கக் கொடுத்துவிட்டு, இரவு முழுவதும் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். அதில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' (make localmodconfig) என்ற கட்டளை போதும். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது. 2009 இறுதியில் வந்த கெர்னல் 2.6.32 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை அணைத்துவிடும். கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டவற்றைத் தொடாது.

'அந்த நொடியில்' என்பதைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. கட்டளையைக் கொடுத்தபோது கணினியில் எதுவும் செருகியிருக்கவில்லை. தொகுத்தேன், நன்றாக ஓடியது. கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகிர்வில் இடம் போதவில்லை என்று பழைய கெர்னலையும் அழித்தேன். நான்கு நாள் கழித்து அக்கா பென் டிரைவோடு வந்தார். சான்றிதழ்களை இணைத்து வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். செருகினால் ஒன்றுமே தெரியவில்லை. மூல நிரல் அழியாமல் இருந்ததால் பென் டிரைவுக்கான யூஎஸ்பி ஸ்டோரேஜ், அதன் கோப்பு முறைமைக்கான விஃபேட் இரண்டையும் கட்டமைப்பில் இயக்கி, மாட்யூல்களை மட்டும் தொகுத்து ஏற்றினேன். அதற்கு மறுதொடக்கம்கூட வேண்டாம். இப்போது பென் டிரைவ் தெரிந்தது, திறக்கவில்லை. கோட்பேஜ் 437 என்ற எழுத்துக்குறி அட்டவணை இல்லை என்றது கெர்னல் பதிவு. விஃபேட்டுக்கு அந்த எழுத்துக்குறி மாட்யூலும் வேண்டும். அது தானாக வராது. அதைச் சேர்த்து முடிப்பதற்குள் அக்கா மழையில் நனைந்துகொண்டே பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டார். அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கருவியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது சொன்னதைத்தான் செய்தது. ஏற்றாத மாட்யூல் நினைவகத்தைத் தின்னாதே, ஏன் நீக்க வேண்டும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: வேகம் கூடும் என்று நான் சொல்லவில்லை. தொகுக்கும் நேரமும் வட்டில் இடமும் மிச்சமாகும், அவ்வளவுதான். இரண்டு ஜிபி நினைவகக் கணினி வைத்திருப்பவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. புதிதாக வாங்க முடியாமல்தான் பழையதைப் பேணுகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டளைக்கு முன் பென் டிரைவ், அச்சுப்பொறி, இணையத்துக்காக இணைக்கும் கைபேசி என எல்லாவற்றையும் செருகி ஒருமுறை பயன்படுத்துங்கள். பென் டிரைவைத் திறந்தே பாருங்கள். திறந்தால்தான் கோட்பேஜ் மாட்யூலும் ஏறும். பிறகு, ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் 'எல்எஸ்மாட்' (lsmod) கட்டளை தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பழைய கெர்னலை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள். அந்தப் பட்டியலை இங்கே ஒட்டினால் விடுபட்டது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.