மட்கார்டு போல்ட்டின் தலை எந்தப் பக்கம்? பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 1930ஆம் வருட ஃபோர்டு மாடல் ஏ ஒன்று இருக்கிறது. நான்கு மட்கார்டுகளையும் கழற்றி, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்துவிட்டோம். கழற்றிய போல்ட்டுகள் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. மாட்டும்போது டிங்கர் “தலை வெளியே தெரியணும்” என்கிறார், மெக்கானிக் “தலை சக்கரப் பக்கம்தான்” என்கிறார். யார் சொல்வது சரி? (காரைக்குடி வாசகர்)

பதில்: இரண்டு பேருமே சரி, ஆனால் வேறு வேறு போல்ட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு மட்கார்டைப் பிடித்து நிற்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே ஜாதி கிடையாது. மட்கார்டைத் தாங்குகிற இரும்புக் கை ஒரு இடம், ஃபுட்போர்டோடு சேரும் முனை ஒரு இடம், பாடியோடு சேரும் ஓரம் இன்னொரு இடம். ஒவ்வொன்றுக்கும் தனி நியாயம் உண்டு. அதனால் போல்ட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஓட்டையைப் பாருங்கள்.

ஓட்டை சதுரமாக இருந்தால் பேச்சே இல்லை, அது கேரியேஜ் (carriage) போல்ட்டுக்கு உரியது. உருண்டைத் தலை, தலைக்குக் கீழே கழுத்தில் சதுரம். அந்தச் சதுரம் ஓட்டைக்குள் உட்கார்ந்துவிட்டால் போல்ட் சுற்றாது, கீழே இருந்து ஒரே ஆள் ஒரே ஸ்பேனரில் நட்டை முறுக்கிவிடலாம். வழவழப்பான தலை கண்ணுக்குத் தெரியும் பக்கம், நட்டு மறைவான பக்கம். உங்கள் டிங்கர் சொல்வது இதைத்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள், புது பெயிண்ட் அந்தச் சதுரத்தின் மூலைகளில் தேங்கி நின்றிருக்கும். அதைச் சின்ன அரத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் கழுத்து முழுக்க இறங்காமல், முறுக்கும்போது போல்ட் சேர்ந்து சுற்றி, சுற்றியுள்ள பெயிண்டை வட்டமாகப் பிய்த்துவிடும்.

பாடித் தகட்டின் பின்னால் நட்டைப் பற்றவைத்தோ கூண்டில் அடைத்தோ வைத்திருந்தால் அங்கேயும் விவாதத்துக்கு இடமில்லை. போல்ட் மட்கார்டுப் பக்கமிருந்துதான் உள்ளே போக முடியும், அதனால் தலை சக்கரப் பக்கம். மெக்கானிக் மனதில் இருப்பது இதுவாக இருக்கலாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இந்த முறையைத் தெளிவாகப் பார்க்கலாம். சக்கரக் குழிக்குள் கைவிட்டால் 13 எம்.எம். தலைகள் வரிசையாகத் தட்டுப்படும்.

இனி வருவதுதான் சண்டைக்கு உரிய இடம்: வெறும் வட்ட ஓட்டை, இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது, எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். இங்கே நான் பார்ப்பது, சக்கரம் எதை வீசி அடிக்கிறது என்பதை. டயர் சேறு, தண்ணீர், சரளை எல்லாவற்றையும் மட்கார்டின் உட்புறத்தில் வாரி இறைக்கும். அந்தப் பக்கம் போல்ட்டின் வால் நீட்டிக்கொண்டிருந்தால் மரைக்குள் சேறு அடைத்து, துருப்பிடித்து, பத்து வருடம் கழித்துக் கழற்றப் போகிறவர் கட்டரைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தலையும்தான் துருப்பிடிக்கும், ஆனால் தலையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு ஸ்பேனரை மாட்டிவிடலாம், துரு தின்ற மரையை என்ன செய்வது? அதோடு வால் நீளமாக இருந்து, கார் பள்ளத்தில் இறங்கும்போது டயர் மேலே எழும்பினால் ரப்பரைக் கிழித்துவிடும். ஆகவே சக்கரம் நேராக அடிக்கும் இடத்தில் தலை சக்கரப் பக்கம், நட்டு மறுபக்கம்.

சக்கரம் நேராக அடிக்காத இடத்தில் செங்குத்தாக நிற்கும் போல்ட்டுக்கு வேறு கணக்கு. தலை மேலே, நட்டு கீழே. அதிர்வில் நட்டு கழன்று விழுந்தாலும் போல்ட் தன் எடையிலேயே ஓட்டையில் நிற்கும். விமான மெக்கானிக்குகளும் பொதுவாக இப்படித்தான் மாட்டுவார்கள், தலை மேல்நோக்கி அல்லது முன்நோக்கி.

சரி, தொழிற்சாலையில் எப்படி மாட்டினார்கள்? டப்பாவில் கொட்டிவிட்டீர்கள் என்றாலும் போல்ட்டுகள் கொஞ்சம் பேசும். ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மரையில் துரு ஏறிய பகுதிக்கு நடுவே துரு இல்லாத ஒரு வளையம் தெரியும். நட்டு உட்கார்ந்திருந்த இடம் அது. தலையின் அடியிலிருந்து அந்த வளையம் வரை அளந்தால், அந்த போல்ட் எவ்வளவு தடிமனைப் பிடித்திருந்தது என்று தெரிந்துவிடும். வெறும் தகடா, தகடும் பீடிங்குமா (மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கும் பட்டை), தடித்த இரும்புக் கையா என்று பிரித்துவிடலாம். பிறகு தலையைப் பாருங்கள். மேலே அடுக்கடுக்காகக் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் அது வெளியே தெரிந்த தலை. தார், சேறு, கிரீஸ் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தால் அது சக்கரப் பக்கம் இருந்தது. இன்னும் பெயிண்ட் ஆகாத இரும்புக் கைகள் இருந்தால் அவற்றைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் போட்டோ எடுத்து வையுங்கள், வாஷர் உட்கார்ந்த வட்டமும் நட்டின் மூலைகள் பதிந்த தடமும் அதில் இருக்கும்.

தொண்ணூறு வருடத்தில் எத்தனை பட்டறை பார்த்த காரோ, யாராவது திருப்பி மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி சாட்சி சொன்னால் நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால், அமெரிக்காவில் மாடல் ஏ சங்கங்கள் வெளியிட்டிருக்கும் நடுவர் வழிகாட்டியைப் பாருங்கள். போல்ட் தலையின் வடிவம், அதன் பூச்சு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கண்காட்சிக்கு அவ்வளவு வேண்டாம் என்பீர்கள். ஆனாலும் தலையில் மூன்று கோடு போட்ட போல்ட்டையோ 8.8 என்று பொறித்ததையோ 1930 காரின் முகப்பில் மாட்டாதீர்கள். அந்தக் குறிகள் எல்லாம் பின்னால் வந்தவை, விஷயம் தெரிந்தவர் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுவார்.

கேள்வி: மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவில் வரும் பீடிங்கை எப்போது வைப்பது? எவ்வளவு இழுத்தாலும் நெளிந்து நெளிந்துதான் நிற்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: முழுக்க முறுக்கிவிட்டுப் பீடிங்கைத் திணிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லா போல்ட்டையும் கையால் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, மட்கார்டு ஆடும்படி விட்டுவிடுங்கள். பீடிங்கின் தட்டையான ஓரத்தில் போல்ட் வரும் இடங்களில் வாய் வெட்டி, ஒவ்வொரு வாயும் ஒரு போல்ட்டைக் கவ்வுகிற மாதிரி மேலிருந்து நுழையுங்கள். அப்புறம் நடுவில் உள்ள போல்ட்டை லேசாக முறுக்கி, அங்கிருந்து இரண்டு முனைக்கும் மாறி மாறிப் போங்கள். ஒரு முனையில் ஆரம்பித்தால் மிச்ச பீடிங் எல்லாம் அடுத்த முனையில் சுருண்டு நிற்கும். மட்கார்டில் ஓட்டைகள் கொஞ்சம் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ இருப்பது ஏற்ற இறக்கம் பார்க்கத்தான். கதவு, பானெட், ஃபுட்போர்டு எல்லாவற்றோடும் இடைவெளி ஒத்துவந்த பிறகுதான் கடைசி முறுக்கு. அதுவும் பலம் காட்டாமல். மெல்லிய தகடு, இழுத்தால் போல்ட்டுக்குப் போல்ட் குழி விழும்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் சக்கரக் குழியில், இன்னொருவர் டிக்கிக்குள். வாக்குவாதம் வராத ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என்னுடையது 1958 மாரிஸ் மைனர். புது போல்ட் பின் மட்கார்டில் இரண்டு சுற்று நன்றாகப் போகிறது, பிறகு இறுகிவிடுகிறது. மெக்கானிக் நட்டுக்குள் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். இரண்டு சுற்றில் இறுகுகிறது என்றால் துருவைவிட மரை மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். கடைக்காரர் எட்டு எம்.எம். போல்ட் கொடுத்திருப்பார். அந்தக் காலத்து மாரிஸில் பெரும்பாலும் 5/16 அங்குல யு.என்.எஃப். மரைதான் (அங்குலக் கணக்கில் வரும் நெருக்கமான மரை). 5/16 என்றால் 7.94 எம்.எம்., கண்ணுக்கு எட்டு மாதிரியேதான் இருக்கும். ஆனால் யு.என்.எஃப்.பில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை, சாதாரண எட்டு எம்.எம். போல்ட்டில் ஏறக்குறைய 20. முதல் இரண்டு சுற்று ஏமாற்றும், மூன்றாவதில் சிக்கும். பலவந்தமாக முறுக்கினால் உள்ளே இருக்கும் கூண்டு நட்டு பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும், பிறகு தகட்டை வெட்டித்தான் சரிசெய்ய முடியும்.

பழைய போல்ட் ஒன்று கையில் இருக்குமே, அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மரை வேறு. இன்னும் பழைய இங்கிலாந்துக் கார் என்றால் பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் நெருக்க மரையும் வரும், அதில் 5/16க்கு அங்குலத்துக்கு 22, மரையின் கோணமும் 60க்குப் பதில் 55 டிகிரி. சரியான போல்ட் கிடைக்காவிட்டால் உங்கள் ஊரிலேயே லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். நட்டைத் தொடாதீர்கள், போல்ட்டை மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டாக மாற்றிவிட்டால் துருத் தொல்லையே இருக்காதே? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கடல் காற்றுக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் இரண்டும் உரசி ஒட்டிக்கொள்ளும், பிறகு முன்னும் போகாது பின்னும் வராது. உப்புத் தண்ணீர் படும் இடத்தில் பக்கத்து இரும்புத் தகட்டைத்தான் சீக்கிரம் அரிக்கவிடும். சாதாரண போல்ட்டில் மரைக்குக் கிரீஸ் தடவி மாட்டுங்கள், பழைய காருக்கு அந்தப் பளபளப்பும் ஒட்டாது.

கேள்வி: மட்கார்டு போல்ட் மாற்றினால் வின்டேஜ் பதிவுக்குச் சிக்கல் வருமா? (சென்னை வாசகர்)

பதில்: போல்ட்டுக்காக யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், வணிக வண்டியாக இருக்கக் கூடாது, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மட்கார்டையே வெட்டி அகலப்படுத்தி, அதற்காகப் பாடியையும் அறுத்திருந்தால் கேள்வி வரலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. புது எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு ‘வி.ஏ.’ வரும். ஏற்கெனவே பதிவான வண்டியென்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் பழைய எண்ணைத்தான் வைத்துக்கொள்வேன். இன்னொன்று, இந்தப் பதிவில் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம்.