தெருவில் மூன்று வீட்டில் மறதி நோய்: அடுத்தது நானா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். எனக்கு வயது 47, அம்மாவுக்கு 74. இரண்டு வருடமாக அம்மாவுக்கு மறதி. கேட்டதையே கேட்பார், நகையை அண்ணி எடுத்துக்கொண்டாள் என்பார். மூன்று வாரமாக ரொம்ப மோசம். பகலெல்லாம் தூங்குகிறார், வலது காலை இழுத்து நடக்கிறார். (போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், அடி ஒன்றும் இல்லை.) இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். எதிர்வீட்டுப் பெரியவருக்கு அல்சைமர். அவருக்கு எழுதிக்கொடுத்த டோனெபெசில் மாத்திரையை இரண்டு மாதமாக அம்மாவுக்கும் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் எண்பது வயதை ஒட்டியவர்களுக்கு இது இருக்கிறது. சிப்காட் காற்றா, தண்ணீரா? அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததாலா? தேங்காய் எண்ணெய் குடித்தால் சரியாகுமா? எனக்கும் இப்போது பெயர்கள் மறக்கின்றன, சாவியைத் தேடுகிறேன். எனக்கும் வருமா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? பிரஷர் மாத்திரை மறதியைக் கொடுக்கும் என்று வீடியோவில் பார்த்து அதையும் நிறுத்திவிட்டேன்.

பதில்: அம்மாவுக்கு உடனே தலையில் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அம்மா விழுந்ததை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

அல்சைமர் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும் நோய். இரண்டு வருடமாக மறதியோடு நடமாடிக்கொண்டிருந்தவர் மூன்றே வாரத்தில் பகலெல்லாம் தூங்கி, ஒரு காலை இழுத்து நடந்தால், நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. வேறு ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது மூளைக்கு மேலே ரத்தக் கட்டு. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது, அதற்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைத் தாண்டிப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்பதால் சின்ன அதிர்ச்சியிலும் கசியும். வெளியே காயமோ வீக்கமோ தெரியாது. தலை தரையில் படாமலே சிலருக்கு இது நடக்கிறது. கசிந்த ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, பல வாரம் கழித்துத்தான் மூளையை அழுத்த ஆரம்பிக்கும். அதற்குள் வீட்டில் எல்லோரும் விழுந்ததையே மறந்திருப்பார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கட்டு இருந்தால் மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றலாம். எழுபது எண்பது வயதிலும் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். விட்டுவிட்டால் நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கே அழைத்துப் போங்கள். ஜிப்மருக்குத்தான் போக வேண்டும் என்று ஊரிலிருந்து அண்ணன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அதை ஸ்கேன் பார்த்த டாக்டர் சொல்லட்டும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் தேடுவதை விடாதீர்கள். சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை என்று வயதானவரைத் திடீரெனக் குழப்பத்தில் தள்ளும் காரணங்கள் நிறைய. அல்சைமர் என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால் அப்புறம் எது வந்தாலும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். சரிசெய்யக்கூடிய கோளாறுக்கும் வைத்தியம் பார்க்காமல் போகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அடுத்தது எதிர்வீட்டு மாத்திரை. இதை எப்படித் துணிந்து கொடுத்தீர்கள்? டோனெபெசில் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது, சிலரை மயங்கி விழவைக்கும். ஏற்கெனவே இதயத்துக்கு மருந்து சாப்பிடும் ஒருவருக்கு ஈசிஜி பார்க்காமல் அதைத் தொடங்கியிருக்கிறீர்கள், அடுத்த மாதம் அவர் பாத்ரூமில் விழுந்திருக்கிறார். வழுக்கித்தான் விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா என்று யாராவது பார்த்தார்களா? மருத்துவமனையில் இந்த மாத்திரையைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையையும் எடுத்துப் போங்கள்.

அலுமினியப் பாத்திரத்தால் அல்சைமர் வருவதில்லை. தேங்காய் எண்ணெய் குடித்து யாருக்கும் அது குணமானதாக நிரூபணமும் இல்லை, அதைக் குழம்பில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சரி, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஒரே ஜீனால் தலைமுறை தலைமுறையாக வரும் அல்சைமர் மிகவும் அரிது. அது பெரும்பாலும் நாற்பது, ஐம்பதுகளிலேயே, அதுவும் குடும்பத்தில் பலருக்கு, தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்ததே எழுபதைத் தாண்டித்தான். அது அல்சைமராகவே இருந்தாலும் உங்கள் அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தனியார் லேபில் ஜீன் டெஸ்ட் எடுத்தால் வருமா வராதா என்று அது சொல்லாது, இருக்கிற தூக்கமும் போகும். சாவியைத் தேடுவதும், பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் நோய் இல்லை. வேலைக்கும் போய், அம்மாவையும் பார்த்து, இரவில் நாலு தடவை எழுந்திருக்கும் 47 வயதுப் பெண்ணுக்கு மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தைராய்டும் பி12-ம் ஒரு முறை பார்த்துவிடுங்கள், போதும்.

தெருவில் மூன்று வீடு என்பதில் பயப்பட ஒன்றுமில்லை, இது தொற்றுகிற நோயும் இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேர், ஏதோ ஒரு வகை மறதி நோயோடு இருக்கிறார்கள் என்பது தேசிய அளவிலான ஆய்வின் கணக்கு. அதில் பெரும்பங்கு அல்சைமர். 65-க்குப் பிறகு ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்த விகிதம் இரட்டிப்பாகிறது. எண்பதை ஒட்டிய பெரியவர்கள் நிறைந்த தெருவில் மூன்று பேர் இருப்பது வயதின் கணக்குதான். காற்று மாசும் மறதி நோய்க்கு ஒரு காரணி என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. அதனால் சிப்காட் காற்றைப் பற்றி நீங்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று வீட்டுக்கும் அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாறியிருப்பது தெருதான். முன்பு ஒரு வீட்டில் ஆறு பேர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மகளோ மருமகளோ ஒருத்தியே தாங்குகிறாள். அவள்மேலேயே திருட்டுப் பழியும் விழுகிறது. நகையைக் காணோம் என்பது இந்த நோயில் அடிக்கடி வருவது. வைத்த இடம் மறந்துபோகிறது, மனம் ஒரு திருடரைத் தேடிப் பிடிக்கிறது. உங்கள் அண்ணியைக் கூப்பிட்டு, இது நோயின் பேச்சு, நாங்கள் யாரும் நம்பவில்லை என்று இன்றே சொல்லுங்கள். தெருவுக்கும் தெரியட்டும். தெரிந்தால்தான் அம்மா வழி தவறி நிற்கும்போது பெட்டிக்கடைக்காரர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவார். முதியோர் உதவி எண் 14567-ஐ மூன்று வீட்டிலும் எழுதி வையுங்கள்.

கடைசியாக உங்கள் பிரஷர். அதே லான்செட் குழு சொன்ன 14 காரணிகளில் நடுத்தர வயது ரத்த அழுத்தம் முக்கியமானது. கேட்காத காது, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவை அத்தனையையும் கவனித்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. மறதிக்குப் பயந்து, அதைத் தடுக்கும் மாத்திரையையே நிறுத்தியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கிற இடத்திலேயே உங்கள் பிரஷரையும் பாருங்கள். பழைய சீட்டைக் காட்டி மாத்திரையை அன்றே திரும்பத் தொடங்குங்கள்.