கைதட்டி எழுப்பலாமா?

அன்புள்ள ஐயா,
ஜனவரியில் கோடியக்கரை போயிருந்தேன். சேற்றில் மேயும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்கள் எல்லாமே ஒன்றுபோலத் தெரிந்தன. கூட வந்த நண்பர் கைதட்டிக் கூட்டத்தை எழுப்பிய பிறகுதான் இறக்கைக் கோடு தெரிந்தது, படமும் கிடைத்தது. 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் (தொலைநோக்கி) ஒன்று வாங்கலாமா?
கா.

அன்புள்ள கா.,

பூநாரையைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் உள்ளான்களுக்காக நின்றிருக்கிறீர்கள், சந்தோஷம்.

60 வேண்டாம். வெயில் ஏறினால் சதுப்பின் மேல் கானல் அலையும். பெரிதாக்கினால் கானல்தான் பெரிதாகும். 20 முதல் 30 மடங்கு போதும். மிச்சப் பணத்தில் காற்றுக்கு ஆடாத முக்காலி வாங்குங்கள்.

அந்தக் கைதட்டலை மட்டும் என்னால் விட முடியவில்லை. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிடும் பறவை அது. அங்கே திரும்பிப் போவதற்கான கொழுப்பை நம் சேற்றில் மேய்ந்துதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் சேர்த்தது கரைகிறது, மேயும் நேரமும் போகிறது. உங்கள் நண்பர் ஒரு தடவைதான் தட்டினார். உங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் தட்டியிருந்தால்? கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். சரணாலயத்துக்குள் காட்டுயிரைச் சீண்டக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. படத்துக்காகப் பறவையை விரட்டுகிறவரைப் பறவை பார்ப்பவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

பறவை முன்கூட்டியே எச்சரிக்கும். முதலில் மேய்ச்சல் நிற்கும், தலை நிமிரும். அப்போதே நின்றுவிடுங்கள். அலகு மறுபடி சேற்றில் இறங்கும்வரை அசையாதீர்கள். உங்களை விட்டு விலகி நடக்க ஆரம்பித்தால் பின்வாங்குங்கள். கரைமேல் நிமிர்ந்து நின்றால் வானத்தின் எதிரே உங்கள் உருவம் பளிச்சென்று தெரியும். சரிவில் உட்காருங்கள், வெயில் முதுகில் விழட்டும்.

எந்த உள்ளான் என்று அடையாளம் காணக் கால் நிறத்தைப் பார்ப்பீர்கள், தெரியும். சேறு அப்பியிருந்தால் டெம்மிங்க் உள்ளானின் வெளிர்மஞ்சள் காலும் கொசு உள்ளானின் கறுப்புக் காலாகத் தெரியும். மார்பைப் பாருங்கள்: டெம்மிங்க் உள்ளானுக்கு மார்பு முழுக்கச் சாம்பல் படர்ந்திருக்கும், குளிர்காலக் கொசு உள்ளானுக்கு நடுமார்பு வெள்ளையாக இருக்கும்.

இறக்கைக் கோடுதான் வேண்டுமென்றால் இறகு கோதும் பறவையைத் தேர்ந்தெடுங்கள். கோதி முடித்ததும் பெரும்பாலும் இரண்டு இறக்கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறிக்கும். ஓரிரு நொடிதான், கேமரா தயாராக இருக்கட்டும். நண்பரிடமும் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் அடுத்த முறை அவரை அழைத்துப் போகாதீர்கள்.