வல்லாரை ஞாபகசக்தியைக் கூட்டும் என்று எலிகளில் நிரூபித்துவிட்டார்களா?

ஆரையம்பதி அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: மகன் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான், வல்லாரை மாத்திரை விளம்பரத்தில் "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறது, எலிக்கு ஞாபகம் கூடியது எப்படித் தெரியும்?

அக்கா, நான் வந்தாறுமூலையில் விலங்கியல் படித்துவிட்டு, கொஞ்சக் காலம் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளோடு வேலை செய்தவன். வல்லாரை கொடுத்த எலிகள் சோதனைகளில் நன்றாகச் செய்ததாக ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. அதில் பொய்யில்லை. ஆனால் எலி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டிச் சோதனைதான். ரிச்சர்ட் மொரிஸ் ஸ்கொட்லாந்தில் இருந்தபோது 1981இல் வெளியிட்டது. பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீரைப் பால்மாவோ வெள்ளைச் சாயமோ போட்டுக் கலங்கலாக்குவார்கள். மட்டத்துக்கு ஓரிரு சென்ரிமீற்றர் கீழே சின்ன மேடை ஒன்று இருக்கும், எலியின் கண்ணுக்குப் படாது. முதல் நாள் எலி மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி ஒட்டிச் சுற்றும். தற்செயலாகக் கால் மேடையில் தட்டுப்பட்டால் ஏறி நின்று முகத்தைத் துடைக்கும். சில நாள் போக, எந்தப் பக்கத்தில் இறக்கிவிட்டாலும் அறைச் சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து நேரே மேடைக்குப் போய்விடும். கடைசியில் மேடையை எடுத்துவிட்டு எலியை விடுவோம். மேடை இருந்த பக்கத்திலேயே தேடித் திரிந்தால் இடம் ஞாபகமிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. இடங்களை ஞாபகம் வைக்க உதவும் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பழுதான எலி இதில் தடுமாறும்.

சரி, ஞாபகத்தை இங்கே யாரும் நேரே அளக்கவில்லையே. கையில் இருப்பது நேரமும் நீந்திய பாதையும்தான். சி3எச் என்ற சுண்டெலி இனத்தில் பிறவிக் குறைபாட்டால் சில வாரங்களிலேயே விழித்திரை அழிந்துவிடும். கண் தெரியாத அந்த எலி இந்தத் தொட்டியில் மறதிக்காரன் போலத் தெரியும். அதனால்தான் மேடையில் கொடி நட்டு, எலி அதைப் பார்த்து வருகிறதா என்றும் சோதிப்பார்கள். மருந்து தூக்கம் வரச் செய்தால் எலி மெதுவாக நீந்தும், மறந்துவிட்டது என்று எழுதிவிடலாம். பயத்தைக் குறைத்தால் சுவரை விட்டுச் சீக்கிரம் நடுவுக்கு வரும், மேடையும் சீக்கிரம் அகப்படும். ஞாபகம் கூடிவிட்டது என்று விளம்பரம் வந்துவிடும்!

சோதிக்கும் ஆளைப் பொறுத்தும் முடிவு மாறும். ஆண்களின் வாசனை பட்டாலே எலிகளுக்குப் பதற்றம் கூடுகிறது என்று 2014இல் மொன்றியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண் போட்ட ரீசேர்ட்டைப் பக்கத்தில் வைத்தாலே போதுமாம். 1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மூன்று ஆய்வுகூடங்கள் ஒரே இனச் சுண்டெலிகளை, ஒரே மாதிரிக் கருவிகளில், ஒரே முறையில் சோதித்தும் சில முடிவுகள் கூடத்துக்குக் கூடம் வேறுபட்டன.

அப்புறம் அளவு. எலிக்குச் சாற்றை உடல் எடைக்குக் கணக்குப் பார்த்து, பெரும்பாலும் குழாயால் நேரே வயிற்றுக்குள் விடுவார்கள். அதை வைத்து உங்கள் மகனுக்கு எத்தனை மாத்திரை என்று சொல்ல முடியாது. வல்லாரைச் சம்பல் செய்து கொடுங்கள், சோற்றுக்கு நன்றாக இருக்கும். மாத்திரைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.