சனிக்கிழமை முழுக்கு

எனக்கு வயது 35. மகளுக்கு 11, மகனுக்கு 7. கிளிநொச்சியில் இருக்கிறோம். போன மாதம் கனடாவில் இருந்து மச்சாள் குடும்பம் வந்தது. அன்றிலிருந்து நிம்மதி இல்லை. நான் வைக்கும் கறி உறைப்பு, வீட்டில் வெக்கை, நுளம்பு, எல்லாம் குறை. பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு பின்னேரம் எல்லாரும் நீச்சல் தடாகத்துக்குப் போவம் என்றா. எனக்கு விருப்பமில்லை என்று இவரிடம் முதல் நாளே சொன்னேன். தங்கச்சி ஆசைப்படுகிறாள் என்றார். நான் ஆசைப்பட்டுக் கேட்டதில் எதைச் செய்தார்?

ரிக்கெட் எடுத்தது மச்சாள். அதைப் பத்துத் தரம் சொல்லிக் காட்டினா. எல்லாரும் தண்ணீருக்குள். நான் மட்டும் கரையில் பைக்கும் செருப்புக்கும் காவல். றோல்ஸ் பார்சலைக் காகத்திடம் இருந்து காப்பாற்றுவதும் நான். ஒருவராவது வா என்று கேட்கவில்லை. கேட்டாலும் போயிருக்க மாட்டேன், அது வேறு.

மகனுக்கு வடை கொடுத்துவிட்டுத் திரும்பினால் மகள் தண்ணீரில் குப்புறக் கிடக்கிறாள். கை இரண்டும் விரிந்து, பின்னல் அவிழ்ந்து, தலைமயிர் பரந்து, அசைவே இல்லை. சுடிதாரோடு குதித்து அவளை இழுத்தெடுத்து, கன்னத்தில் இரண்டு அடியும் போட்டுவிட்டேன். தண்ணீர் என் இடுப்பு மட்டும்தான். பிள்ளை சும்மா மூச்சடக்கி மிதந்திருக்கிறாள். சனம் முழுக்கச் சிரித்தது. மச்சாளின் மகன் போனில் வீடியோ எடுத்தான். இவரும் சிரித்தார். அதைத்தான் மறக்க முடியவில்லை.

இவர் எப்போதும் அந்தப் பக்கம்தான். மாமியும் அப்படி. சனிக்கிழமை ரியூசன் முடிய மகள் அப்பம்மா வீட்டுக்குப் போவாள், வாய்க்காலுக்குப் பக்கத்தில் வீடு. வெள்ளிக்கிழமை நான் முழுக வார்த்து, எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட பிள்ளையை மாமி சனிக்கிழமை திரும்பவும் முழுக வார்த்து அனுப்புவா. தடிமன் பிடித்தால் பார்ப்பது யார்? மகள் எங்கே நீந்தப் பழகினாள் என்றும் தெரியவில்லை, கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை, அதை விடுங்கள். எனக்குத் தண்ணீர் ஒத்துவராது என்று இவருக்குத் தெரியும். சண்டை முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலால் வந்த ஆக்கள் நாங்கள், எனக்கு அப்போது 19. அது பழங்கதை. வீடியோவை அழிக்கச் சொன்னால் மச்சாள் சிரிக்கிறா. இவர் ஒரு சொல் கேட்கவில்லை. மகளும் என்னோடு கதைப்பது குறைவு. இந்த வீட்டில் நான் யார்?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தாய்

அன்பு சகோதரி,

மச்சாளின் ரிக்கெட்டை விடுவோம், அவ விமானம் ஏறிவிடுவா. வீடியோவை அழிப்பிக்க வேண்டியது உங்கள் கணவர். அவருடைய தங்கச்சி, அவருடைய வேலை. சிரித்ததற்கும் அவர் உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

மகள் எங்கே நீந்தப் பழகினாள் என்று தெரியவில்லை, அதை விடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடப்போவதில்லை.

குப்புற மிதப்பது லேசான காரியம் இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, உடம்பைத் தளரவிட்டு, மூச்சுக்குத் தவிக்காமல் கிடக்க வேண்டும். பயந்த பிள்ளை உடம்பை இறுக்கும், தலையைத் தூக்கும், கால் தாழும். உங்கள் மகள் அசையாமல் கிடந்தாள் என்றால் பல நாள் பழகியிருக்கிறாள். எங்கே என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை முழுகின தலையை எந்த அப்பம்மாவும் சனிக்கிழமை திரும்ப முழுக வார்க்க மாட்டா. ஈரத்தலைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் வாய்க்கால் கரை வீடு என்று எழுதியது நீங்கள்தான்.

மாமியில் கோபம் வரும். அவவைக் கேட்க முதல் உங்களைக் கேளுங்கள்: நீந்தப் பழகுகிறேன் என்று மகள் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அன்றோடு அப்பம்மா வீடு நின்றிருக்கும். மகளுக்கு அது தெரியும், மாமிக்கும் தெரியும். அநேகமாக உங்கள் கணவருக்கும்.

உங்கள் பயத்தை நான் குறைசொல்லவில்லை. வட்டுவாகலில் அந்த நந்திக்கடல் ஓரத்தால் வந்தவர்களுக்கு, தண்ணீரில் ஒருவர் குப்புறக் கிடப்பது எப்படித் தெரியும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படி ஒன்றைக் கண்டால், இது தடாகம், இது வேறு வருசம் என்று நினைக்க முதலே உடம்பு பாய்ந்துவிடும். மனம் காயப்பட்டவர்களில் இது வழமை. ஒத்துவராததை விட்டு விலகி விலகி நடக்க, பயம் குறையாது, ஊறும். நீந்தத் தெரியாத நீங்கள் ஆழம் பாராமல் குதித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த இரண்டு அடியும் அந்தப் பிள்ளைக்கு உரியவை இல்லை.

வன்னியில் ஒரு பிள்ளையைத் தண்ணீர் காட்டாமல் வளர்க்க முடியுமா? இரணைமடுக் குளத்தை 1920 இல் கட்டி முடித்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பித்தான் வயல் வந்தது, ஊர் வந்தது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வீடுகளைத் தேடி வந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் கவனமாக இருக்கவும் பழக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம், மாமி மட்டும் இல்லை. தடாகத்தில் அடி தெரியும், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். வாய்க்காலில் மேலே குளத்துத் துருசை, அதுதான் மதகை, திறந்தால் இழுவை மாறிவிடும், குளிக்கிற பிள்ளைக்கு யார் போய்ச் சொல்வது? உங்களுக்குப் பயந்து உங்கள் மகள் போய்ச் சேர்ந்த இடம் அது. வாய்க்காலை நிற்பாட்டலாம், நிற்பாட்டவும் வேண்டும். ஆனால் நீச்சலை நிற்பாட்டாதீர்கள். பழக்குகிற ஆள் நிற்கும் தடாகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் தகப்பன் கூட்டிக்கொண்டு போகட்டும்.

இந்த வீட்டில் நான் யார் என்று கேட்டீர்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற ஆள் நீங்கள். உங்களை மதிக்காமல் பைக்குக் காவல் விட்டுப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள். எத்தனை வருசம் வா வா என்று கேட்டு அலுத்தார்களோ?

பழங்கதை என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டியதை யாரிடமாவது முழுதாகச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். நேரில் போகக் கூச்சம் என்றால் 1926 க்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம்.

வருகிற சனிக்கிழமை மகளை நீங்களே அப்பம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசாரணை வேண்டாம். அடித்தது பிழை என்று மகளிடம் சொல்லுங்கள், பின்னால் ‘ஆனால்’ போடாமல். மாமி தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில், எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய் என்று கேட்டுப் பாருங்கள். குசினிக்குள் இருந்தே அவள் அடக்கிக் காட்டுவாள். நீங்கள் எண்ணுங்கள்.