கீமோ எடுக்கும் குழந்தைக்கு வாய்ப்புண் வராமல் தடுக்க முடியுமா? ஐஸ் வைத்தால் போதுமா?

முழுக்கத் தடுக்க முடியாது. குறைக்கலாம், வந்த புண்ணில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தங்கை மகனுக்கு 6 வயது, ரத்தப் புற்றுநோய், அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் அதே நோய்க்கு மதுரையில் சிகிச்சை எடுத்தவள்தான். நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம்.

நம்ம ஊரில் வாய்ப்புண் என்றாலே 'சூடு' என்பார்கள். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. இது அந்தப் புண் இல்லை. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து தாக்கும். வாயின் உள்தோலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் புதிதாக வளர்ந்துவிடுகிற ரகம் என்பதால் அதுவும் சேர்ந்து அடிபடுகிறது. மருந்து ஏறிய அன்று ஒன்றும் தெரியாது. ஐந்து முதல் பத்து நாளில், பெரும்பாலும் வெள்ளையணு குறைகிற அதே சமயத்தில், புண் கிளம்பும். ஆகவே வாய் நன்றாக இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

கீரையை நன்றாக வேகவைத்துக் கொடுப்பதில் தப்பில்லை. பி காம்ப்ளெக்ஸை மட்டும் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்த நோய்க்குப் பெரும்பாலும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து, ஃபோலேட் என்ற பி வைட்டமினைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பலவற்றில் அதே வைட்டமின் ஃபோலிக் அமிலமாக இருக்கும். அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஏற்றினால், பிறகு லூகோவோரின் என்ற மருந்தை மணி தவறாமல் தருவார்கள். வாயைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கீமோவுக்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல், கூராக உடைந்த பல் இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். அப்புறம் தினமும் மிருதுவான பிரஷ், காலையும் ராத்திரியும். பல்பொடி, உப்பு-கரி எல்லாம் வேண்டாம். சாப்பிட்டதும் கொப்பளிக்க: கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், கால் டீஸ்பூன் ஆப்பசோடா, அதில் பாதி உப்பு. கிணற்றுத் தண்ணீரே கரிக்கிற ஊர் நம்முடையது, அதனால் குடிக்கிற தண்ணீரில்தான் கலக்க வேண்டும். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்குச் சுத்தமான காஸ் துணியை நனைத்துத் துடைக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வாயைக் காயவைக்கும். உதட்டுக்கு வாசலின் போதும்.

ஐஸ் விஷயம். குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும். மெல்ஃபலான், 5-ஃப்ளூரோயுராசில் மாதிரி கொஞ்ச நேரத்தில் ஏற்றி முடிக்கிற மருந்துகளுக்குத்தான் இது சரிப்படும். மணிக்கணக்கில் ஏறுகிற மெத்தோட்ரெக்சேட்டுக்கு எவ்வளவு நேரம்தான் குழந்தை ஐஸை வாயில் வைத்திருக்கும்? புண் வந்தபின் வலிக்கு இதமாக இருக்கும் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே உறையவைத்த ஐஸாக இருக்கட்டும். மீன்பெட்டிக்கு வருகிற ஐஸ் கட்டி கிட்டேயே வரக்கூடாது.

சாப்பாட்டில் முண்டு மிளகாய்க் குழம்பும் கருவாடும் கொஞ்ச நாள் பெரியவர்களோடு நிற்கட்டும். முறுக்கு, பனங்கிழங்கு மாதிரி கீறுகிற பண்டங்களும் அப்படித்தான். குழைந்த சாதம், பருப்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், நன்றாக வெந்த முட்டை. மீன் கேட்டு அழுதால் முள்ளை எடுத்துவிட்டு, காரமில்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்பத்தாவைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடு, பிள்ளை உரப்பில்லாமல் எப்படி உண்ணும் என்று ஒரே சண்டை.

தினமும் ஒரு தடவை டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். சிவப்பு, வெள்ளைப் படலம், ரத்தக்கசிவு தெரிந்தாலோ, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, எந்த நேரமானாலும் வார்டுக்கு போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இங்கிருந்து மதுரை போக மூன்று மணி நேரமாவது ஆகும், ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற வண்டிக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.